உயிர்த்தெழுந்தவள் யார்?

சென்ற தவணை முடியுந் தறுவாயில் ஒரு நாள், பாடம் முடித்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, நாங்கள் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட ஒருத்தி உயிர்த்தெழுந்து வருகிறாள். அமெரிக்காவிலே முன்னொரு காலத்தில் உண்மையாக நடந்த கதையாம். அவள் மெய்யாகவே சூனியக்காரியோ, அல்லவோ?" என்று கேட்டான்.

வினா அறுவகைப்படும் என்று அன்றுதான் நன்னூல் கொண்டு விளக்கியிருந்தேன். இவன் கேட்டது ஐயவினா. ஐயவினாவுக்கு ஆராயாது விடை கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. "படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். பண்டிதர் பேய்ப்படம் பார்க்கப் போகிறார் என்ற செய்தி அன்று மாலைக்குள்ளேயே கல்லூரி முழுவதும் பரவிவிட்டது. அதுபற்றி எனக்கு வருத்தமில்லை. பரணி படித்தவனுக்குப் பேய் புதிதன்று.

படத்தையும் பார்த்தேன், அதன்பின், படம் எந்த வரலாற்றைச் சுட்டுகின்றதோ அவ்வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்த வரலாறு முடிந்துபோன பழங்கதையன்று என்பதும், அதன் கடைசி ஏடு 2022ஆம் ஆண்டிலேதான் எழுதப்பட்டது என்பதும், அதை எழுதுவித்தவர் என்னைப் போன்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதும் எனக்குப் புதிய செய்திகளாக இருந்தன. ஆகவே மாணாக்கன் ஒருவனுக்குச் சொல்லவேண்டிய விடையைப் பலருக்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

படத்தின் கதை

'த சிற்றி ஒவ் த டெட்' என்பது படத்தின் பெயர். 'இறந்தோர் நகரம்' எனத் தமிழிற் சொல்லலாம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்திலே எடுக்கப்பட்டது. நெறிப்படுத்தியவர் ஜோன் மொக்சி. திரைக்கதை எழுதியவர் ஜோர்ஜ் பாக்ஸ்ற். அமெரிக்காவில் 'ஹொரர் ஹொட்டேல்' என்ற வேறொரு பெயரோடு அது காட்டப்பட்டது. செலவு 45,000 பவுண் அளவில் என்பர். திரைப்படத் தொழிலிலே அஃது ஏழைவீட்டுக் கலியாணச் செலவு.

மசாச்சுசெற்ஸ் மாகாணத்திலே வைற்வூட் என்னும் கற்பனைக் கிராமம், ஆண்டு 1692. எலிசபெத் செல்வின் என்னும் பெண்ணை ஊரார் கம்பத்திலே கட்டித் தீ மூட்டுகின்றனர். அவளோ சாத்தானை அழைத்து, அவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துச் சாவாவரம் பெறுகின்றாள். "எரி, எரி" என்று கூட்டம் கூவுகின்றது. அந்தக் கூச்சல் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறுகின்றது. இக்காலத்துப் பல்கலைக்கழக வகுப்பறையொன்றிலே பேராசிரியர் டிறிஸ்கோல் அதே சொற்களை உணர்ச்சி பொங்கச் சொல்லி விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருக்கின்றார். கிறிஸ்தோபர் லீ என்னும் புகழ்பெற்ற நடிகர் அவ்வேடந் தாங்குகின்றார்.

நேன் பார்லோ என்ற மாணவி சூனியவழக்குகளை ஆராய விரும்புகின்றாள். பேராசிரியர் அவளை வைற்வூட்டுக்கு அனுப்புகின்றார். தங்குவதற்கு விடுதியும் அவரே சொல்லிக்கொடுக்கின்றார். அந்த விடுதியை நடத்தும் நியூலெஸ் சீமாட்டி வேறு யாருமல்லள், எரிக்கப்பட்ட செல்வினே. பெயரைத் தலைகீழாக வைத்துக்கொண்டாள். அவ்வூரிலே அந்தப் பெண்ணுக்கு ஆபத்தைச் சொல்ல முற்படுபவர்களுள் ஊமையான ஒரு வேலைக்காரியும் ஒருத்தி. உண்மை தெரிந்தவளுக்கு வாய் இல்லை. வாய் உள்ளவர்கள் பலர் சூதர். கதையிலே என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுவே.

படத்தின் நடுவிலேயே மாணவி பலியாகின்றாள். பின்னர் அவள் தமையனும் காதலனும் தேடி வருகின்றனர். முடிவிலே காதலன் இடுகாட்டுச் சிலுவையொன்றைப் பெயர்த்துத் தூக்கி நிறுத்த, அதன் நிழல் பட்டவிடத்துச் சூனியக்கூட்டம் தீப்பற்றி அழிகின்றது. பேராசிரியரும் அக்கூட்டத்தவரே என்பதையும் அப்போது காண்கின்றோம்.

கலையைப் பொறுத்தவரையில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் இல்லாத இடத்திலே பனி இருக்கின்றது. ஊர் முழுவதும் படப்பிடிப்புக் கூடத்துக்குள்ளே அமைக்கப்பட்டது. தரையெங்கும் செயற்கைப் பனிமூட்டத்தைப் பரப்பி, இல்லாத தெருக்களையும் இல்லாத வயல்களையும் நம்மைக்கொண்டே கற்பித்துக்கொள்ளச் செய்கின்றனர். ஒளிப்பதிவு செய்த டெஸ்மண்ட் டிக்கின்சன், ஒலிவியேயின் 1948ஆம் ஆண்டு 'ஹம்லெற்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். வறுமையிற் செம்மை என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வகைக் கதை இந்த ஒரு படத்தோடு நிற்பதன்று. அதே 1960இல் இத்தாலியிலே மாரியோ பாவா எடுத்த படமொன்றிலும், பதினேழாம் நூற்றாண்டிலே கொல்லப்பட்ட சூனியக்காரி இரு நூற்றாண்டு கழித்து எழுகின்றாள். அதன் பின்னர் இக்கதையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எத்தனையோ திரையிலே தோன்றிவிட்டன. யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: அன்று கொல்லப்பட்டவள் உண்மையிலே சூனியக்காரி, அவளைக் கொன்றவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.

என் கருத்து வேறுபாடு இந்த அடிப்படையிலேதான் தொடங்குகின்றது.

1692இல் நடந்தது

படம் 1692 என்று ஆண்டு சொல்கின்றது. மசாச்சுசெற்ஸ் என்று இடமுஞ் சொல்கின்றது. அவ்வாண்டிலே அவ்விடத்திலே நடந்தது சேலம் வழக்கு. தமிழ்நாட்டுச் சேலமன்று, அமெரிக்கக் கரையிலே ஆங்கிலேயர் குடியேறிய சேலம்.

அவ்வாண்டுத் தொடக்கத்திலே சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் என்பவரின் வீட்டில், ஒன்பது வயது மகளும் பதினொரு வயது மருமகளும் காரணம் புலப்படாத வலிப்புக்கு ஆளாயினர். சூனியம் என்று முடிவாயிற்று. செய்தவர் யார் என்று பெரியவர்கள் பிள்ளைகளை நெருக்கினர். முதலிற் சுட்டப்பட்டோர் மூவர். ஒருத்தி அவ்வீட்டு அடிமைப்பெண் ரிற்றுபா. ஒருத்தி வீடுவீடாகப் பிச்சைக்கு வந்த சாரா குட். ஒருத்தி சொத்து வழக்கிலே சிக்கியிருந்த நோயாளி சாரா ஒஸ்போண். ஊரிலே தமக்காகப் பேச ஆளில்லாதவர் மூவரும் ஒருமிக்க அகப்பட்டது தற்செயலன்று.

நீதவான் ஜோன் ஹாதோர்ண் விசாரணை செய்தார். 'த ஸ்கார்லெற் லெற்றர்' எழுதிய நதானியேல் ஹாதோர்ணின் முன்னோர் இவர். விசாரணைக் குறிப்புகள் இன்றும் உள்ளன. அவற்றிலே என் கண்ணிற் பட்டது வினாவின் வடிவமாகும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தாயா என்று அவர் தொடங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஏன் தீங்கு செய்கின்றாய் என்றே கேட்கின்றார். முன்னையது ஐயவினா. பின்னையதோ வினாப்போல் நிற்கும் தீர்ப்பு. 'ஏன்' என்ற ஒரு சொல், குற்றத்தை ஆராயாமலே நிலைநாட்டிவிடுகின்றது. அதற்கு எவ்விடை கூறினும் கூறுபவள் குற்றத்தை ஒப்புக்கொண்டவளாகின்றாள்; விடை கூறாதொழியின் பிடிவாதக்காரி ஆகின்றாள். இலக்கணம் உயிரைக் கொல்லும் என்று நான் முன்னர் எண்ணியதில்லை.

சான்றும் அத்தகையதே. ஒருத்தியின் ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளியது என்று சாட்சி சொன்னால் மன்று அதனை ஏற்றது. வீட்டிலே படுத்திருந்தேன் என்று அவள் நிறுவினாலும் பயனில்லை; வந்தது ஆவியன்றோ?

ஜூன் 10ஆம் நாள் பிறிஜெற் பிஷப் என்பவள் முதலிலே தூக்கிலிடப்பட்டாள். செப்ரெம்பர் 22ஆம் நாளுக்குள் பத்தொன்பது பேர் தூக்கிலே மாண்டனர். அவருட் பெண்கள் பதினால்வர், ஆண்கள் ஐவர். ஜைல்ஸ் கோறி என்னும் முதியவர், விசாரணைக்கு உடன்படாமையால், மார்பிலே கல்லேற்றி நெரிக்கப்பட்டு இறந்தார். சிறையிலே மாண்டவர் வேறு. சாரா குட்டின் நாலு வயதுக் குழந்தையையும் விலங்கிட்டுச் சிறையில் வைத்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை நூற்றைம்பதுக்கு மேற்பட்டது.

இங்கே இரண்டு செய்திகளை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். முதலாவது, சேலத்திலே ஒருவரும் எரிக்கப்படவில்லை. அக்குடியேற்றம் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. அச்சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. தீ மூட்டியது படக்காரர். இஃது ஒரு சிறு பிழை. கதைக்குத் தீ வேண்டியிருந்தது என்று விட்டுவிடலாம்.

இரண்டாவது செய்தியை அவ்வாறு விட்டுவிடுதல் இயலாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சாத்தானைக் கண்டேன் என்று கதை சொன்னவர்கள் அவ்வாண்டிலே தூக்கினின்றும் தப்பினர். நான் அன்னவளல்லள் என்று கடைசிவரை மறுத்தவர்களே தூக்குமரம் ஏறினர். ரெபேக்கா நேர்ஸ் என்னும் எழுபத்தொரு வயது மூதாட்டியைச் சூறிமார் முதலிலே குற்றவாளியல்லள் என்றே தீர்த்தனர். மன்று அவர்களை மீண்டும் ஆலோசிக்க அனுப்பியது. அவளும் தூக்கிலே போனாள். ஒரு பொய் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்பதை அறிந்தும் அப்பொய்யைச் சொல்லாதவர்கள் அவர்கள். படத்திலே எரிபவளோ சாவுவேளையிலே சாத்தானை அழைக்கின்றாள். உண்மைக்காக இறந்தவர்களின் இடத்திலே பொய்க்காக வாழ்பவளை நிறுத்தியிருக்கின்றது கதை. நீதவான் கேட்ட 'ஏன்' என்ற வினாவுக்கு, இருநூற்றறுபத்தெட்டு ஆண்டு கழித்து, அவர் விரும்பிய விடையையே படம் கொடுத்துவிட்டது.

கதைதானே, இதற்கு இத்துணை வழக்கு எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். பரணியிலே பேய் கூழ் அடவில்லையா என்றும் கேட்டார். அட்டதுண்டு; ஆயினும் அந்தப் பேயைக் காட்டி அயல்வீட்டுக் கிழவியை ஒருவரும் கட்டிவைத்ததாக நான் அறியேன். பேய் பேயாக வருவது கற்பனை. இறந்துபோன பெண்களின் ஆண்டையும் ஊரையும் எடுத்துக்கொண்டு, அவர்களைப் பேயாக்குவது கற்பனை மாத்திரமன்று. அதே சேலத்தை ஆதர் மில்லர் 1953இல் 'த குறூசிபிள்' என்ற நாடகமாக்கினார். அவரும் வரலாற்றை வேண்டியபடி மாற்றினார். ஆயினும் குற்றஞ்சாட்டும் வெறியையே மேடையேற்றினார். ஒரே நிகழ்ச்சியை நோக்கி இரண்டு வினா எழலாம் என்பதற்கு இவ்விரு படைப்புகளும் சான்று.

இன்றைய நிலை

இவையெல்லாம் மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்டவை என்று அமைதியுறுவதற்கில்லை. 2025 ஜூலையிலே இந்தியாவின் பீகார் மாநிலம் பூர்ணியா மாவட்டத்துக் கிராமமொன்றில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் சூனியப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஊரிலே ஒரு பிள்ளை இறந்ததும் மற்றொரு பிள்ளை நோயுற்றதும் பழிக்குக் காரணமாயின. 1692இன் தொடக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நோயுற்ற பிள்ளை, காரணம் அறியாப் பெரியோர், சுட்டுவிரலுக்கு எளிதில் அகப்படும் ஒரு குடும்பம். மாறியது ஆண்டு ஒன்றே.

சட்டம் இல்லாமலில்லை. பீகாரிலே 1999இலும், ஜார்க்கண்டிலே 2001இலும் இதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. அசாம் சட்டசபை 2015இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2018இல் குடியரசுத்தலைவரின் இசைவு கிடைத்தது. பப்புவா நியூகினியிலோ சூனியம் உண்டென்றே ஏற்று 1971இல் இயற்றிய சட்டமொன்று இருந்தது. பெண்ணொருத்தி பலர் காண எரிக்கப்பட்ட பின்னரே 2013இல் அது நீக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2021 ஜூலையிலே இதுபற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. உலகப் பேரவையொன்று தீர்மானம் இயற்றவேண்டிய அளவுக்கு இக்கொடுமை உயிரோடிருக்கின்றது.

சட்டத்துக்கு முன்னே சென்றவர்கள் சில தனி மனிதர்கள். அசாமிலே பிறுபாலா ராபா என்னும் கிராமத்துப் பெண், மனநோயுற்ற தம் மகனை 1985ஆம் ஆண்டளவில் மந்திரவாதி ஒருவனிடம் கொண்டுபோனார். மூன்று நாளில் மகன் இறப்பான் என்றான் அவன். மூன்று நாள் கழிந்தது, மகன் இறக்கவில்லை. தாய் சிந்திக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து ஊரூராகச் சென்று சூனியப் பழிக்கு எதிராகப் பேசினார். 2021இல் இந்திய அரசு பத்மசிறீ விருதளித்தது. 2024 மே மாதத்தில் மறைந்தார். மந்திரவாதியின் கூற்றை நாட்கணக்கு வைத்துச் சரிபார்த்ததுதான் அவர் கையாண்ட முதற் கருவி. அதுவும் ஐயவினாவே.

படங்கள் இக்கொலைகளைச் செய்வித்தன என்று நான் சொல்ல வரவில்லை. பூர்ணியாவிலே கொலைசெய்தவர்கள் பழைய ஆங்கிலப் படம் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும், அன்று கொல்லப்பட்டவள் சூனியக்காரிதான் என்ற எண்ணம் நம் பொழுதுபோக்கிலே ஐயமின்றிப் படிந்துவிட்டால், இன்று கொல்லப்படுபவளைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதும் 'என்னதான் செய்தாளோ' என்றே உள்ளம் முதலில் எண்ணும். அந்தக் கணநேரச் சோம்பலைத்தான் நான் அஞ்சுகின்றேன்.

இரண்டு ஆசிரியர்

இனி 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம்.

சேலம் வழக்கிலே தண்டனை பெற்றோருட் பலருக்கு 1711இல் மசாச்சுசெற்ஸ் சட்டசபை பழி நீக்கியது. 1957இலும் 2001இலும் விடுபட்டவர் சிலருக்குப் பழி நீங்கியது. ஒருத்தி மாத்திரம் எஞ்சினாள். எலிசபெத் ஜோன்சன் என்பது அவள் பெயர். அண்டோவர் என்னும் ஊரினள். வழக்கு நடந்தபோது வயது இருபத்திரண்டு. அவளுடைய பாட்டனாராகிய போதகரே அவளைச் சூதறியாப் பேதை என்ற கருத்துப்படக் கூறியிருக்கின்றார். 1693 ஜனவரியிலே மரணதண்டனை விதிக்கப்பட்டது. தேசாதிபதி பிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தமையால் உயிர் தப்பினாள். 1747இல் எழுபத்தேழு வயதில் இறந்தாள். தன் பெயரையும் பழிநீக்கத்திற் சேர்க்குமாறு 1712இல் அவளே விண்ணப்பித்தாள், பயனில்லை. அவள் மணஞ்செய்யவில்லை, மக்கள் இல்லை. மற்றவர்களுக்காகப் பேரன் பூட்டன் வழக்காடினர். இவளுக்காகப் பேச ஒரு வழித்தோன்றலும் இல்லை.

முந்நூறு ஆண்டு கழித்து, நோர்த் அண்டோவர் நடுநிலைப் பள்ளியிலே குடியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இச்செய்தியை அறிந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் பழைய ஆவணங்களைப் படித்தனர். பழிநீக்கும் வழியை ஆராய்ந்தனர். சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினர். ஒரு வகுப்பு மேலேற, அடுத்த வகுப்பு அப்பணியை ஏற்றது. மூதவை உறுப்பினர் டயானா டிசோக்லியோ அவர்கள் வேண்டுகோளைச் சட்டமுன்வரைவாகக் கொண்டுசென்றார். தனிவரைவு தடைப்பட, வரவுசெலவுத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. 2022 ஜூலையிலே ஆளுநரின் கையொப்பம் பெற்றது. எலிசபெத் ஜோன்சன் குற்றமற்றவள் என்று மாகாணத்தின் சட்டம் சொல்லிற்று. சேலம் வழக்கிலே பழி நீங்காதிருந்த கடைசிப் பெயரும் நீங்கியது.

இறந்தவளுக்கு இதனால் வந்த பயன் யாது என்று கேட்கலாம். அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கோ, தீர்ப்பு என்பது கல்லெழுத்தன்று, ஆராய்ந்து மாற்றத்தக்கது என்ற அறிவு வந்தது. நாளை அவர்கள் சூறிமாராய் இருக்கும்போது அது பயன்படும்.

படத்திலும் ஓர் ஆசிரியர் உண்டு. இங்கும் ஓர் ஆசிரியர் உண்டு. டிறிஸ்கோல் வகுப்பறையிலே 'எரி, எரி' என்ற கூச்சலைச் சுவைபடச் சொல்லிக் காட்டினார், மாணவியை மயக்கினார், அவளைப் பலிக்கு அனுப்பினார். நோர்த் அண்டோவர் ஆசிரியை பிள்ளைகளை ஆவணத்திடம் அனுப்பினார். இருவருங் கற்பித்த பொருள் ஒன்றே. முன்னவர் கதையின் சுவையோடு நின்றார். பின்னவர் அது மெய்யோ என்று கேட்கப் பழக்கினார். நாங்களும் வகுப்பிலே சுவைபடச் சொல்லும் பழக்கம் உடையவர்களே. கண்ணகி மதுரையை எரித்த காதையைப் பாடஞ் சொல்லும்போது என் குரலும் உயர்வதுண்டு. அவ்வேளையிலே பாண்டியன் ஆராயாது தீர்த்தான் என்பதை எத்தனை முறை அழுத்திச் சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றேன்.

தவணை தொடங்கியதும் அந்த மாணாக்கனை அழைத்து விடை சொன்னேன். "தம்பி, அவள் சூனியக்காரியல்லள். அவளை எரிக்கவுமில்லை. அப்படி ஒருத்தி இருக்கவுமில்லை. ஆனால் அவளிருந்த இடத்திலே, பொய் சொல்ல மறுத்துத் தூக்கிலே போன பெண்கள் இருந்தார்கள்" என்றேன். அவன் சற்றுநேரம் பேசாது நின்றான். பின்னர், "அப்படியானால் ஐயா, எழும்பி வந்து பழிவாங்கியிருக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவோ?" என்றான்.

அவர்கள் பழிவாங்க எழவில்லை என்றும், அவ்வழக்கிலே தண்டனை பெற்ற ஒருத்தியின் பெயரை எழுப்பியவர்கள் அவனிலும் இளைய பிள்ளைகள் என்றும் சொன்னேன். படத்தை மீண்டும் ஒருமுறை எல்லோருமாகப் பார்ப்போம், பார்த்தபின் 1692ஐயும் படிப்போம் என்று முடிவுசெய்திருக்கின்றோம்.